அனைவருக்கும் என்றால் ஒருவரும் விடுபடாமல்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு அடைமொழிகள் கடந்த இருபது ஆண்டுகளாக இந்திய அரசியலில் அருகருகே நடமாடி வருகின்றன. ஒன்று, "அனைத்தையும் உள்ளடக்கிய". திட்டக்குழுவின் ஆவணங்களிலும் நிதியமைச்சர்களின் உரைகளிலும் பெருமுதலாளிகளின் சங்கக் கூட்டங்களிலும் இது தவறாமல் இடம்பெற்று வந்திருக்கிறது. மற்றொன்று, "அனைவருக்குமான". அனைவருக்குமான பொது விநியோகம், அனைவருக்குமான கல்வி, அனைவருக்குமான ஓய்வூதியம் என்று இடதுசாரி இயக்கம் எழுப்பும் முழக்கங்களில் அது வாழ்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே பொருள் தருவனபோல் தோன்றும். துண்டறிக்கை எழுதும் தோழர்கள் சில வேளைகளில் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதிவிடுவதும் உண்டு. ஆனால் அவை ஒரே பொருள் தருவன அல்ல. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதுதான் நவீன தாராளமயக் கொள்கையின் வழக்கம். ஆகவே இச்சொற்களின் வேறுபாடு இலக்கணத்தோடு முடிந்துவிடும் விவகாரமன்று. கோடிக்கணக்கான மக்களின் உணவோடும் உரிமையோடும் தொடர்புடைய அரசியல் விவகாரம்.

இரண்டு உம்மைகள்

தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. "உம்" என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று முற்று, மற்றொன்று எச்சம். "அனைவருக்கும் அரிசி" என்பதில் உள்ளது முற்றும்மை. அதற்கு வெளியே எவரும் மீதமில்லை. "ஏழைகளுக்கும் அரிசி" என்பதில் உள்ளது எச்சவும்மை. ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கிறார். அவரோடு இவரும் சேர்க்கப்படுகிறார் என்பதே அதன் பொருள்.

"உள்ளடக்கிய" என்னும் சொல் இந்த எச்சவும்மையின் உலகத்தைச் சேர்ந்தது. அது வினையிலிருந்து பிறந்த பெயரெச்சம். வினை என்றால் செய்பவர் ஒருவர் வேண்டும். உள்ளடக்குபவர் யார்? எதற்குள் அடக்குகிறார்? எந்த நிபந்தனையின் பேரில் அடக்குகிறார்? இக்கேள்விகள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு வீடு, அதற்கு ஒரு வாசல், வாசலில் ஒரு காவல். யாரை உள்ளே விடலாம் என்பதைக் காவலர் முடிவு செய்கிறார். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாடுகளில் துன்புற்றோரை அரவணைக்கும் சட்டம் என்று சொல்லப்பட்டது. அது மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பட்டியலிட்டது. பட்டியலில் இஸ்லாமியர் இல்லை; தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளும் இல்லை. பட்டியலிட்டுச் சேர்ப்பவர், பட்டியலிட்டு விலக்கவும் அதிகாரம் பெற்றுவிடுகிறார்.

"அனைவருக்குமான" என்னும் சொல்லில் வாசலும் இல்லை, காவலும் இல்லை. சேர்ப்பவர் என்று தனியே ஒருவரும் இல்லை. மனிதராக இருப்பதோ குடிமகனாக இருப்பதோ மட்டுமே அதற்குத் தகுதி. உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அறிவிப்பும் நடைமுறையும்

எனினும் முற்றும்மையைச் சட்டத்தில் எழுதிவிட்டால் மட்டும் முழுமை வந்துவிடாது. 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பிரான்ஸில் "அனைவருக்குமான வாக்குரிமை" அறிவிக்கப்பட்டது. அந்த "அனைவரில்" பெண்கள் இல்லை. அவர்களுக்கு அந்த உரிமை கிடைக்க 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், மக்களில் சரிபாதியை வெளியே நிறுத்திவிட்டு அந்த அடைமொழி கூச்சமின்றிப் புழங்கியது.

இந்தியாவின் வரலாறு வேறு. பிரிட்டிஷ் ஆட்சியின் 1935ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளை வைத்துப் பெரும்பாலான மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியிருந்தது. விடுதலைப் போராட்டம் அந்தத் தகுதிகளைத் தகர்த்தது. அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு, வயது வந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை என்பதை நிலைநாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத கூலி விவசாயிக்கும் ஜமீன்தாருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. இந்தியக் குடியரசில் முற்றும்மை உண்மையாக ஆளும் இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த 326ஆவது பிரிவுதான்.

அங்கும் கூட நடைமுறை சும்மா இருந்துவிடவில்லை. 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட பட்டியல் தயாரானது. அப்போது ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அந்நியரிடம் தம் பெயரைக் கூறும் வழக்கம் இல்லாத அப்பெண்கள், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவாகியிருந்தனர். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று தேர்தல் ஆணையம் முடிவு செய்தது. அவர்களில் பெரும்பகுதியினர் பீகார், உத்தரப்பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். சட்டம் அவர்களை விலக்கவில்லை. நிலப்பிரபுத்துவக் குடும்ப அமைப்பும் ஒரு படிவமும் சேர்ந்து விலக்கின.

அதே பீகாரில் 2025 ஜூன் மாதம் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் 11 ஆவணங்களில் ஏதேனும் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றார்கள். ஏழை மக்களின் கையில் உள்ள ரேஷன் அட்டையோ ஆதாரோ, தேர்தல் ஆணையம் தானே வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையோ அந்தப் பதினொன்றில் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று ஆணையம் விளக்கம் கூறியது. ஆனால் நீக்கப்பட்டோரின் பெயர்களையும் காரணங்களையும் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அந்தப் பட்டியல் மக்களின் பார்வைக்கு வந்தது. அடையாளத்துக்கான 12ஆவது ஆவணமாக ஆதாரை ஏற்கச் செய்யவும் செப்டம்பர் 8 அன்று நீதிமன்றத்தின் ஆணை தேவைப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை மட்டுமல்ல. மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். முதல் தேர்தலின்போது குடிமக்களைத் தேடிச் சென்று பதிவு செய்வது அரசின் கடமையாக இருந்தது. இப்போது தான் குடிமகன்தான் என்று நிரூபிப்பது குடிமகனின் கடமையாக்கப்பட்டிருக்கிறது. சட்டப்பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் முற்றும்மை எச்சவும்மையாகச் சுருங்குகிறது.

ரேஷன் கடையில் போடப்பட்ட கோடு

இந்த இரு சொற்களின் மோதல் மிக வெளிப்படையாக நடந்த களம் பொது விநியோக முறை. 1997 ஜூன் வரை, கொள்கை அளவிலேனும் அது அனைவருக்குமானது. கேரளம் போன்ற மாநிலங்களில் நடைமுறையிலும் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் அதில் இருந்தன. அந்த ஜூன் மாதம் ஒன்றிய அரசு "இலக்கு நிர்ணயிக்கப்பட்ட" பொது விநியோக முறையைப் புகுத்தியது. வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று மக்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். 2000ஆம் ஆண்டில், கோட்டுக்கு மேலே இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்கான விலை முழு அடக்கவிலைக்கு உயர்த்தப்பட்டது. வெளிச்சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் பெரிய வேறுபாடு இல்லாத நிலையில் அவர்கள் கடைக்கு வருவதை நிறுத்தினர்.

அதன் விளைவு என்ன? 2002ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அரசுக் கிடங்குகளில் இருந்த தானியம் 6 கோடி டன்னைத் தாண்டியது. அதே காலத்தில்தான் ராஜஸ்தான், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து பட்டினிச் சாவுச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. கிடங்கில் தானியம் மட்கியது. குடிசையில் அடுப்பு எரியவில்லை. 2001 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த உணவு உரிமை வழக்கின் பின்னணி இதுதான்.

இலக்கு நிர்ணயிக்கும் முறையில் இருவகைப் பிழைகள் நேரும் என்பதைப் பொருளியலாளர்கள் காட்டியுள்ளனர். தேவையில்லாதவர் சேர்க்கப்படுவது ஒருவகை; தேவையுள்ளவர் விடுபடுவது மற்றொரு வகை. முதல் பிழையைக் குறைக்க முயலும்போதெல்லாம் இரண்டாம் பிழை பெருகுகிறது. பொது விநியோக முறை குறித்த மதுரா சுவாமிநாதனின் ஆய்வுகள் இந்திய அனுபவத்தைக் கொண்டு இதை விரிவாக நிறுவியுள்ளன. நவீன தாராளமயவாதிகளின் கணக்கில் முதல் பிழைக்கு மட்டுமே விலை உண்டு. அது நிதிப் பற்றாக்குறையாகத் தெரிகிறது. இரண்டாம் பிழை எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. அது குழந்தையின் எடையில் பதிவாகிறது.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாததால் ரேஷன் அட்டை நீக்கப்பட்டது, மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை, குழந்தை பசியால் இறந்தது என்று குடும்பத்தினரும் உணவு உரிமை இயக்கத்தினரும் கூறினர். மலேரியாவால் இறந்தாள் என்று மாநில அரசு கூறியது. அரசின் வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் கேள்வி அப்படியே நிற்கிறது: அந்த வீட்டின் அட்டை ஏன் நீக்கப்பட்டது? "போலி அட்டைகள் ஒழிக்கப்பட்டன" என்று அரசுகள் பெருமையோடு அறிவிக்கும் எண்ணிக்கைகளுக்குள் எத்தனை உண்மையான குடும்பங்கள் இருக்கின்றன?

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பெரும் முன்னேற்றம்தான். உணவை அது சட்டப்படியான உரிமையாக்கியது. ஆனால் அனைவருக்குமான பொது விநியோகம் வேண்டும் என்ற இடதுசாரிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. கிராமப்புறத்தில் 75 சதவீதம், நகர்ப்புறத்தில் 50 சதவீதம் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அது 81.35 கோடிப் பேர். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடக்காததால் அந்த எண் உறைந்து நின்றது. மக்கள்தொகை 140 கோடியைத் தாண்டிவிட்ட நிலையில், சட்டம் வகுத்த அதே விகிதத்தைப் பொருத்திப் பார்த்தாலே 10 கோடிக்கும் மேற்பட்டோர் வெளியே நிற்பது தெரியும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தபோது, எந்த அட்டையும் இல்லாத 8 கோடிப் பேருக்கு இரண்டு மாதங்களுக்கு இலவச தானியம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அட்டையில்லாதோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதற்கு அரசே அளித்த ஒப்புதல் வாக்குமூலம் அது.

"கோடீஸ்வரனுக்கும் ரேஷனா?"

தெருமுனைக் கூட்டங்களில் உறுப்பினர்கள் எதிர்கொள்ளும் கேள்வி இது. இதற்குத் தெளிவான பதில் வேண்டும். முதலாவதாக, கோடீஸ்வரர் ரேஷன் கடை வரிசையில் நிற்பதில்லை. தமிழ்நாட்டில் பொது விநியோகம் அனைவருக்குமானதாக நடந்துவருகிறது. அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, எப்பொருளும் வேண்டா அட்டை என்று குடும்பங்களே தேர்ந்துகொள்ளும் முறை அங்கு உண்டு. வசதி படைத்தோர் தாமாகவே ஒதுங்கிக்கொள்கின்றனர். ஏழை தன்னை ஏழை என்று எவரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, செல்வந்தரிடமிருந்து பெற வேண்டியதை வரியாகப் பெற வேண்டுமே தவிர, ஏழையின் வாசலில் சோதனைச் சாவடி அமைத்து மிச்சப்படுத்தக் கூடாது. மூன்றாவதாக, ஏழைகளுக்கென்று மட்டும் ஒதுக்கப்படும் சேவை விரைவில் ஏழ்மையான சேவையாகிவிடுகிறது. ஆசிரியரின் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்கும்போது அந்தப் பள்ளியின் கூரை ஒழுகினால் கேட்பதற்குக் குரல் இருக்கும்.

அதே வேளையில், கோடு போடுபவரின் அளவுகோல் எப்படிப்பட்டது என்பதையும் மக்களிடம் சொல்ல வேண்டும். பதினோராவது ஐந்தாண்டுத் திட்டம் (2007–12) "உள்ளடக்கிய வளர்ச்சி" என்னும் பதாகையின் கீழ் தொடங்கியது. 2007ஆம் ஆண்டில்தான் அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம், நாட்டு மக்களில் 77 சதவீதத்தினர், அதாவது 83.6 கோடிப் பேர், நாளொன்றுக்கு 20 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாத நிலையில் வாழ்கின்றனர் என்று அறிக்கை அளித்தது. அதே திட்டக்காலத்தில், 2011இல், நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவிடுபவர் ஏழை அல்லர் என்று திட்டக்குழு உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. உள்ளடக்குவதாகச் சொன்ன அதே கைதான் கோட்டையும் போட்டது.

வரையறை பெற்ற சொல்

இந்த அடைமொழிக்குத் திட்டவட்டமான பொருள் கொடுக்க முடியாது என்பது உண்மையல்ல. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, அரசு தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் பயிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்றது. அந்தப் பள்ளிகளில் எந்தக் குழந்தையின் குடும்ப அட்டையையும் பார்க்க வேண்டியதில்லை. 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை "அனைவருக்குமானதாக்குதல்" என்பதன் பொருளை விளக்கியது. ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரிளம் பெண்கள் அனைவருக்கும் அத்திட்டத்தின் எல்லாச் சேவைகளும் சென்றடைய வேண்டும் என்பதே அது. அங்கன்வாடி மையங்களின் எண்ணிக்கை 14 லட்சமாக உயர வேண்டும் என்றும் கூறியது. யாருக்கு, எது, எத்தனை மையங்கள் வழியாக, எந்தக் காலக்கெடுவுக்குள் என்று நான்கும் சொல்லப்பட்டபோது அடைமொழி உயிர் பெற்றது.

அந்த ஆணையிலும் ஒரு பெரும் இடைவெளி இருந்தது. அனைவருக்கும் சேவை வழங்கும் அங்கன்வாடிப் பெண்கள் தொழிலாளர்களாகவே கருதப்படவில்லை. மதிப்பூதியம் பெறுவோர் என்றே இன்றும் கணக்கில் வைக்கப்படுகின்றனர். அனைவருக்குமான சேவையை அளிப்பவரே "அனைவருக்குள்" இடம்பெறாத முரண்பாட்டை எதிர்த்துத்தான் அவர்களின் சங்கங்கள் போராடி வருகின்றன.

ஒரே சீரானதும் அனைவருக்குமானதும்

மற்றொரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். அனைவருக்குமானது என்றால் அனைவருக்கும் ஒரே மாதிரியானது என்று பொருளல்ல. சமமற்றவர்களுக்குச் சமமான அளவுகோலைப் பொருத்தினால் சமமின்மையே நீடிக்கும் என்பதை 1875இல் கோத்தா வேலைத்திட்டத்தின் மீதான விமர்சனத்தில் மார்க்ஸ் விளக்கினார். இடஒதுக்கீடு "அனைவருக்கும் சமவாய்ப்பு" என்பதற்கு எதிரானது என்னும் வாதம் இந்தக் குழப்பத்தின் மீதுதான் நிற்கிறது. சாதியால் வாசலிலேயே தடுக்கப்பட்டவருக்குத் தனிக் கதவு திறந்தால்தான் கல்விக்கூடம் அனைவருக்குமானதாகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 44ஆவது பிரிவு கூறுவது "ஒரே சீரான" உரிமையியல் சட்டத்தை. தமிழில் அது "பொது சிவில் சட்டம்" என்று வழங்குகிறது. "பொது" என்பது தமிழில் நல்ல மணமுள்ள சொல். எவருக்கும் தடையில்லாதது என்ற பொருள் அதில் உண்டு. ஒரே சீராக்கும் திட்டம் அந்த மணத்தை இரவல் வாங்கிக்கொள்கிறது. மதம் எதுவாயினும் பெண்கள் அனைவருக்கும் சம உரிமை என்பது அனைவருக்குமான கோரிக்கை. ஒரு மதத்தவரின் வழக்கத்தை அனைவர் மீதும் சுமத்துவது ஒரே சீராக்கல்.

இயக்கத்தின் ஏட்டில்

இந்த அளவுகோலை அரசின் மீது மட்டும் வைத்தால் போதாது. "அனைத்துப் பகுதி மக்களும் திரளாகப் பங்கேற்றனர்" என்னும் வாக்கியம் இயக்க அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. அதை எழுதும் கை ஒரு கணம் நின்று கேட்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்களா? துப்புரவுப் பணியாளர்கள் மேடையில் இருந்தார்களா? பெண்கள் கூட்டத்தில் மட்டுமா, குழுக்களிலுமா? வடமாநிலத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு துண்டறிக்கையாவது அச்சிடப்பட்டதா?

தமிழில் "நாங்கள்" என்பது கேட்பவரை வெளியே நிறுத்துகிறது. "நாம்" என்பது அவரையும் சேர்த்துக்கொள்கிறது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்த நுட்பத்தைக் கொண்ட மொழியில் பேசுவோருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு: மக்களிடம் செல்லும்போது "நாங்கள் உங்களுக்காகப் போராடுகிறோம்" என்று சொல்கிறோமா, "நாம் போராடுவோம்" என்று சொல்கிறோமா?

இனி ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலையும் ரேஷன் அட்டைப் பட்டியலையும் அங்கன்வாடிப் பதிவேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்ல வேண்டும். பட்டியலில் உள்ளவர்களை அரசு எண்ணிக்கொள்ளும். விடுபட்டவர்களை எண்ணுவது இயக்கத்தின் வேலை. செங்கல் சூளையில், கட்டுமானத் தளத்துத் தகரக் கொட்டகையில், மேம்பாலத்தின் அடியில் வாழும் அந்தக் குடும்பங்களின் பெயர்களை எழுதி, மனுவாக்கி, வட்ட அலுவலகத்தின் முன் அவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும். கடைசி வீட்டின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறும்போதுதான் "அனைவருக்கும்" என்னும் சொல்லில் உள்ள உம்மை முற்றும்மையாகும்.